தாம்பரத்துக் காற்றும் கினிப்பன்றியின் சாட்சியமும்

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே, மின்சார ரயில் நின்று செல்லும் சானடோரியம் நிலையத்தில் நாள்தோறும் ஏறி இறங்கும் பெருந்திரளான மக்களில், அந்நிலையத்தின் பெயருக்குக் காரணமான ஆரோக்கிய ஸ்தலத்தை நிறுவிய டாக்டர் சௌரிமுத்துவை அறிந்தவர் மிகச் சிலரே. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் க்ஷயரோகிகளுக்கான சிகிச்சை இல்லம் ஒன்றை நடத்தியவரும், கணித மேதை ராமாநுஜன் 1917-ஆம் ஆண்டில் நோயுற்றபோது அவரை அங்கே வைத்துப் பராமரித்தவருமான அந்த வைத்தியர், தாயகம் திரும்பி, 1928-ல் பச்சைமலையின் அடிவாரத்தில், ஏறத்தாழ 250 ஏக்கர் நிலப்பரப்பில், 12 படுக்கைகளோடு தம் பணியைத் தொடங்கினார். க்ஷயத்தைத் தீர்க்கும் மருந்து உலகில் எங்குமே கிடைக்காத அக்காலத்தில், தூய காற்றும் சூரிய வெளிச்சமும் புஷ்டியான ஆகாரமும் பூரண ஓய்வுமே அவருடைய ஔஷதங்கள். 1937-ல் சென்னை மாகாண அரசாங்கம் அந்த ஸ்தாபனத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

நோயாளிகள் இங்கே மரநிழலில் படுத்துக் காற்று வாங்கிய அந்த ஆண்டுகளில், அவர்களுடைய நோயைப் பற்றி மானிட ஜாதி அறிந்திருந்தவற்றில் பெரும்பகுதியைக் கற்றுத் தந்தது கினிப்பன்றி என்னும் வாயில்லா ஜீவன். 1882 மார்ச் 24-ஆம் தேதி பெர்லினில் ராபர்ட் கோக் க்ஷயக் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தபோது, வளர்த்தெடுத்த கிருமியை அப்பிராணிகளின் உடலில் செலுத்தி, அதே நோய் அங்கே தோன்றுவதைக் காட்டியே தம் கூற்றை நிரூபித்தார். கிண்டியில் 1948-ல் பி.சி.ஜி. என்னும் க்ஷயத் தடுப்பு மருந்துக்கான கூடம் தோன்றியதே, அந்த மருந்தின் பத்திரத்துக்கும் இதே பிராணிதான் காவல். மருந்தின் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும், ஐம்பது பேருக்குப் போடும் அளவுக்குக் குறையாமல் எடுத்து ஒவ்வொரு கினிப்பன்றிக்கும் செலுத்தி, குறைந்தது ஆறு பிராணிகளையாவது ஆறு வாரங்கள் கவனித்திருந்து, அவற்றில் ஒன்றுக்கும் க்ஷயம் காணவில்லை என்று உறுதியான பின்னரே அம்மருந்து குழந்தையின் தோளுக்குப் போகலாம் என்பது உலகெங்கும் வழங்கும் நியதி.

காற்றைப் பற்றிய உண்மையும் அப்பிராணியிடமிருந்தே வெளிவந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், 1950-களின் பிற்பகுதியில், ரிச்சர்ட் ரைலி என்பவர் ஆறு படுக்கைகள் கொண்ட க்ஷய வார்டின் காற்றைக் குழாய் வழியே மேல்தளத்துக்குக் கொண்டு சென்று, அங்கே கூண்டுகளில் வைத்திருந்த கினிப்பன்றிகள் அதைச் சுவாசிக்கும்படி செய்தார். மாதந்தோறும் அவற்றில் சில நோய்வாய்ப்பட்டன. நோய் மூச்சுக்காற்றின் வழியே பரவுகிறது என்பது இவ்விதம் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாயிற்று. முறையான மருந்து பெற்று வந்தவர்களின் காற்றால் விளைந்த தொற்று வெகு சொற்பம் என்பதையும் அச்சோதனை காட்டியது.

ஏறத்தாழ அதே சமயத்தில், சென்னைச் சேத்துப்பட்டில், 1956-ல் தொடங்கிய க்ஷயரோக மருத்துவ ஆராய்ச்சி மையம், மருந்து உண்பவர் வீட்டிலேயே இருந்தால் குணமாவாரா, நோய் பரவுமா என்ற கேள்வியை மனிதரிடத்திலேயே கேட்டது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவரின் வழிகாட்டுதலில், நோயாளிகளில் ஒரு பாதியினரைச் சானடோரியத்திலும் மறுபாதியினரை நெருக்கடியான சொந்த வீடுகளிலும் வைத்து, இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய மற்றவர்களுக்கு நிகராகவே குணமடைந்தார்கள். அவர்களுடைய குடும்பத்தாரை நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் வெளியான இம்முடிவு, சௌரிமுத்து வாழ்நாளெல்லாம் போற்றிய சானடோரிய முறைக்கே முடிவுரை எழுதிவிட்டது.

அந்த மையத்தாரின் வேறொரு ஆராய்ச்சியே என் மனத்தில் ஆழப் பதிந்தது. சென்னை நோயாளிகளின் கோழையிலிருந்து வளர்த்த கிருமிகளையும் பிரிட்டிஷ் நோயாளிகளின் கிருமிகளையும், டெனிஸ் மிட்சிசன் என்பவரும் மையத்தாரும் ஒரே அளவில், ஒரே விதத்தில் கினிப்பன்றிகளின் தொடையில் செலுத்தினார்கள். சில வாரங்கள் சென்றபின் பிராணியை அறுத்து, மண்ணீரலில் எத்தனை, கல்லீரலில் எத்தனை, நுரையீரலில் எத்தனை என்று நோயின் அடையாளங்களைக் கண்ணால் பார்த்து மதிப்பெண் இட்டு, கிருமியின் உக்கிரத்தைக் கணக்கிட்டார்கள். 1960-ஐ ஒட்டிப் பிரசுரமான அம்முடிவுகள் ஒரு விசித்திரத்தை வெளியிட்டன. பிரிட்டிஷ் கிருமிகள் பெரும்பாலும் ஒரே சீராகப் பிராணிகளை வாட்ட, தென்னிந்தியக் கிருமிகளோ பலவாறாக வேறுபட்டு, சராசரியில் உக்கிரம் குறைந்தே காணப்பட்டன. அவற்றுள் சில கினிப்பன்றியை அதிகம் வருத்தவே இல்லை. எனினும் அக்கிருமிகளை அளித்தவர்கள் நுரையீரல் நோயால் இருமி இளைத்து வைத்தியத்துக்கு வந்த நம் நகரவாசிகளே அல்லவா! பிராணியிடம் சாதுவாகத் தோன்றிய கிருமி மனிதனிடம் சாதுவாக இருக்கவில்லை.

இதனினும் கடுமையான பாடத்தை அக்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லா அளித்தது. தாம்பரமும் பல்லாவரமும் அடங்கியிருந்த அந்த ஜில்லாவின் திருவள்ளூர்ப் பகுதிக் கிராமங்களில், 1968-ல் தொடங்கி, ஏறத்தாழ 2,80,000 பேருக்கு, யாருக்கு எது என்பது போடுபவருக்கும் தெரியாத வகையில், பி.சி.ஜி. மருந்தும் வெறும் திரவமும் செலுத்தப்பட்டன. ஆய்வுக்கூடத்துப் பிராணிகளைத் திரும்பத் திரும்பக் காப்பாற்றிய மருந்து அது. ஏழரை ஆண்டுக் கவனிப்பின் பேரில் 1979-ல் வெளியான முதல் முடிவும், பதினைந்து ஆண்டு முடிவும் கூறியது ஒன்றே: வயது வந்தோரின் நுரையீரல் க்ஷயத்தை அது தடுக்கவில்லை. இதற்குக் காரணம் தேடியவர்கள், 1966-லேயே பால்மர், லாங் என்ற இருவர் கினிப்பன்றிகளில் கண்டிருந்த ஒன்றை நினைவுகூர்ந்தார்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் க்ஷயக் கிருமியின் சாதுவான உறவினங்கள் முன்கூட்டியே உடலில் புகுந்து ஓரளவு பாதுகாப்பைத் தந்துவிடுமானால், அதற்குமேல் மருந்து செய்வது சிறிதாகவே தெரியும் என்பதுதான் அது. விடை காணாத இவ்விவாதம் இன்றும் தொடர்கிறது. மக்கள் இவ்வளவு பொறுமையோடு கைநீட்டியிராவிட்டால், கூண்டுக்குள் கிடைத்த வெற்றியையே நாம் வெற்றி என்று நம்பிக்கொண்டிருப்போம்.

பிராணியின் சாட்சியம் மனிதனுக்கு இவ்வாறு பொருந்தாமல் போவது க்ஷயத்தோடு நிற்கும் சங்கதி அன்று. மேல்நாட்டுக் குழந்தைகளை அதிகமாக வாட்டும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை வியாதியில், கெட்டிப்பட்ட கோழையில் சூடோமோனாஸ் என்னும் கிருமி குடியேறி நுரையீரலை அழிக்கிறது. 1979-ல் எலிகளின் நுரையீரலில் கிருமி பொதிந்த அகர் மணிகளைச் செலுத்தி, நாட்பட்ட தொற்று ஒன்றைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். 1992-ல் அந்த வியாதிக்குரிய மரபணுவையே சிதைத்துச் சுண்டெலியைப் படைத்தபோது, அதன் குடல் நோயுற்றதேயன்றி, நுரையீரலில் அத்தொற்று தானாக வரவில்லை. 2008-ல் அதே மரபணுவைச் சிதைத்து உருவாக்கிய பன்றிகளிடம்தான் மனிதக் குழந்தையின் நோயை ஒத்த நுரையீரல் நோய், பிறந்து சில மாதங்களில் தானே தோன்றிற்று. எந்தப் பிராணி எந்தக் கேள்விக்கு உண்மை சொல்லும் என்பதை அறியவே சில சமயம் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

செங்கற்பட்டின் முடிவைக் கேட்டு, பி.சி.ஜி. வீண் என்று எண்ணிவிடுவோர் உண்டு. அது தவறு. பச்சிளங் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வடிவிலும், உடலெங்கும் பரவும் வடிவிலும் தாக்கிக் கொல்லும் க்ஷயத்திலிருந்து அம்மருந்து காக்கிறது. அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்கு அதைப் போடுகிறார்கள். பெரியவர்களுக்கோ அது கவசமாகாது. ஆகையால், குழந்தை பிறந்ததும் பி.சி.ஜி. போடத் தவற வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், சிறுவயதில் தோளில் தழும்பு விழுந்திருக்கிறதே என்று வாளாவிராமல், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் சளியைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.