பனியைக் குத்திப் பார்த்தவர்கள்

வெண்பனியை நான் நேரில் பார்த்ததில்லை. கேமரன் மலைக் குளிருக்கே இரண்டு சட்டை போடுகிறவன். மண்சரிவு பற்றி வாசிக்கப் போய்ப் பனிச்சரிவில் மாட்டிக்கொண்டேன். காரணம் ஓர் இரும்புக் கம்பி.

எங்கள் வேலையில் மெக்கின்டோஷ் புரோப் என்று ஒன்று உண்டு. கூர்முனைக் கம்பியை மண்ணில் நிறுத்தி, மேலே எடையைத் தூக்கித் தூக்கிப் போடுவோம். 300 மில்லிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று ஒருவர் எண்ணுவார். சில அடிகளிலேயே இறங்கிவிட்டால் அங்கே மண் இளகிக் கிடக்கிறது. 1930களில் சுவிட்சர்லாந்தில் இதே வேலையைப் பனியில் செய்திருக்கிறார்கள். செய்தவர் ராபர்ட் ஹேஃபெலி, மண் இயக்கவியல் தெரிந்த சிவில் இன்ஜினியர். ‘அட, நம்ம ஆளு’ என்றுதான் தோன்றியது.

1936-இல் டாவோஸ் நகருக்கு மேலே, 2,600 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், ஒரு பனிக்குடிசைதான் அவர்களுடைய ஆய்வுக்கூடம். அங்கே அவர்கள் புரிந்துகொண்டது இது: பனி ஒரே கட்டி அல்ல, ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. தரையோரம் ஏறக்குறைய பூஜ்ய டிகிரி, மேலே கடுங்குளிர். இடையில் நீராவி மேலேறும்போது அடிப்பனி சீனி மாதிரி உதிரிப் பரல்களாகிவிடுகிறது. அதன்மேல் காற்று இறுக்கிய புதுப்பனி பலகை போல உட்காரும். 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் பனிச்சறுக்குக்காரர் ஒருவரின் எடையே அதை உடைக்கப் போதும்.

இதில் ஒரு சிக்கல். அந்த உதிரி அடுக்கு விரற்கடை அளவுதான் இருந்தால் கம்பி அதை உணராமலே தாண்டிப் போய்விடும். அதனால் இன்றைக்கும் குழி தோண்டி, கையால் தொட்டுப் பார்க்கிறார்கள்.

1951 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் 98 பேர் பனிச்சரிவில் செத்தார்கள், பலர் சொந்த வீட்டுக்குள்ளேயே. இப்போது சாகிறவர்களில் பெரும்பாலோர் தாமாகவே மலையேறிப் போனவர்கள். 1993-இல் ஐரோப்பிய நாடுகள் ஆபத்தை ஐந்து படிகளாக வகுத்தன. அதிகம் பேரைக் கொல்வது ஐந்தாம் படி அல்ல, மூன்றாம் படி. ஐந்து என்றால் யாரும் கிளம்ப மாட்டார்கள். மூன்றுதானே, நடுவாந்திரம், போலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள்.

அதே 1993 டிசம்பரில்தான் இங்கே ஹைலண்ட் டவர்ஸ் சரிந்து 48 பேர் இறந்தார்கள்.

போன மாதம் வீடுகளுக்குப் பின்னாலிருந்த ஒரு சரிவில் குத்திக்கொண்டிருந்தோம். ஓர் இடத்தில் மட்டும் கம்பி சர்ரென்று இறங்கியது. “மத்ததோட சேத்து சராசரி போட்டுருப்பா, நம்பர் சரியா வந்துரும்” என்றார் மூத்தவர் ஒருவர். நான் போடவில்லை. அங்கே குழி தோண்டிப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். இன்னும் பதில் வரவில்லை. சாயந்திரங்களில் மழை ஆரம்பித்துவிட்டது.