காங்கேசன்துறையில் கப்பலேற: வன்னிக் குடும்பத்தின் செலவுக் கணக்கு

யுத்தகாலத்தில் எங்களில் பலர் நகையை விற்றுப் படகேறி இந்தியாவுக்குப் போனோம். அதே கடலை இன்று கடவுச்சீட்டோடு கடக்கலாம். காங்கேசன்துறை - நாகபட்டினம் கப்பல் சேவை 2023 ஒக்டோபர் 14 இல் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்ட் 16 இல் 'சிவகங்கை' கப்பலுடன் மீண்டது. ஏறக்குறைய நான்கு மணித்தியாலப் பயணம்.

வேளாங்கண்ணிக்கோ, தமிழக முகாம்களிலுள்ள உறவுகளைப் பார்க்கவோ போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது கப்பல் கட்டணத்தை. நான் கணக்கை வீட்டிலிருந்தே தொடங்கச் சொல்வேன்.

கடவுச்சீட்டு: வளர்ந்தவருக்குச் சாதாரண சேவையில் 10,000 ரூபாய், ஒருநாள் சேவையில் 20,000. முன்கூட்டியே விண்ணப்பித்தால் கணவன் மனைவிக்கு 20,000 மிச்சம். இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள், பிரதி எடுக்கும் செலவையும் அதற்காக இழக்கும் நாட்கூலியையும் சேர்க்கவேண்டும்.

தரைவழி: வவுனியா, கிளிநொச்சியிலிருந்து காங்கேசன்துறை வரை ரயில் உண்டு. முல்லைத்தீவார் முதலில் பஸ் எடுக்கவேண்டும். நாகபட்டினத்தில் இறங்கியபின் ஆகும் பஸ், தங்குமிடச் செலவை இந்திய ரூபாயில் தனியாக எழுதுங்கள்.

பொதி: அனுமதித்த எடைக்கு மேல் காசு கட்டவேண்டும். புடவை, பாத்திரம் வாங்கித் திரும்பும்போதே பொதி கனக்கும்.

காத்திருப்பு: பலரும் எழுத மறப்பது இதைத்தான். கடல் கொந்தளித்தால் கப்பல் புறப்படாது; வடகீழ்ப் பருவமழையில் சேவையே நிற்கும். குறைந்தது இரண்டு நாள் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் காசை ஒதுக்குங்கள். அதற்கு வழியில்லையென்றால் பயணத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளுங்கள். திரும்பிவரக் கடன்படுவதைவிட அது நல்லது.