தீவு இல்லங்களில் ஒளியும் ஒலியும்

ஒரு கருவி நல்லதா, அல்லதா என்று மக்கள் தீர்ப்பளிக்கும்பொழுது, அதற்கு முன்பிருந்த கருவியின் குறையையே அளவுகோலாகக் கொள்வது வழக்கம். இவ்வுண்மையை அந்தமான் நிக்கோபார் தீவுகளின் அண்மைக்கால வரலாற்றில் தெளிவாகக் காணலாம். சென்னைக்கும் இத்தீவுகளின் தலைநகருக்கும் இடையே ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. பாட்டும் படமும் அக்கடலைக் கடந்தே வந்தாக வேண்டும்.

1963ஆம் ஆண்டில் போர்ட் பிளேரில் வானொலி நிலையம் தோன்றியது. அந்நகர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அந்நாளில் நேயர் கேட்ட கேள்வி ஒன்றே: சொல் இரைச்சலில் மூழ்காமல் காதில் விழுகிறதா? பின்னர் வந்த வீடியோ நாடா காட்சியையும் வீட்டுக்குள் கொணர்ந்தது. ஆயினும் அது காட்டிய நுணுக்கம் சுமார் 240 கோடுகளே. படியிலிருந்து படி எடுக்க எடுக்க வண்ணம் கரைந்தது. தென்மேற்கு, வடகிழக்குப் பருவக்காற்றுகள் இரண்டும் மழை பொழியும் இத்தீவுகளின் ஈரத்தில் நாடாவைப் பூஞ்சை பற்றுவதும் உண்டு.

1993இல் வகுக்கப்பெற்ற வீடியோ சிடியில் பூஞ்சைத் தொல்லை குறைந்தது. ஆனால் வேறொரு குறை புகுந்தது. அதன் காட்சி 352க்கு 288 புள்ளிகள் கொண்டது. ஒரு தட்டு 74 நிமிடமே ஓடும். ஆகவே தமிழ்ப் படம் ஒன்றுக்கு இரண்டு மூன்று தட்டுகள் வேண்டியிருந்தன. 1996இன் இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டிவிடி, 720க்கு 576 புள்ளிகளை, அதாவது நான்கு மடங்குக்கும் மேற்பட்ட புள்ளிகளைத் தந்தது. முழுப்படமும் ஒரே தட்டில் அடங்கியது. சென்னையிலிருந்து வரும் கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பெறும் வரை, இணையம் செயற்கைக்கோளையே நம்பி மெல்ல ஊர்ந்தது. எனவே கப்பலில் வரும் தட்டுக்கு இங்கு மதிப்பு நெடுநாள் நிலைத்தது.

இனி, அத்தட்டை இயக்கும் கருவியை மதிப்பிடும் முறையைக் காண்போம். கடைகளில் பளிச்சிடும் வண்ணங்களைக் காட்டி மயக்குவர். நாமோ முதலில் இருளைப் பார்த்தல் வேண்டும். செல்லுலார் சிறையைக் களமாகக் கொண்டு 1996இல் வெளிவந்த 'காலாபாணி', தமிழில் 'சிறைச்சாலை', ஒளிப்பதிவுக்கும் ஒலிப்பதிவுக்கும் தேசிய விருது பெற்ற படம். அத்தகைய படத்தின் இருண்ட காட்சிகளில் சுவரும் நிழலும் கருப்பு மையாய்க் கலந்துவிடின், கருவியோ தொலைக்காட்சியோ சரியாக அமைக்கப்படவில்லை என்று கொள்ளலாம். அடுத்து, வெள்ளை வேட்டியில் மடிப்புகள் தெரிய வேண்டும். மழையிலும் கூட்டத்திலும் படம் சதுரச் சதுரமாக உடைகிறதா என்று நோக்க வேண்டும். உடைந்தால், அத்தட்டில் காட்சிச் செய்தி அளவுக்கு மீறிச் சுருக்கப்பட்டிருக்கலாம். அப்பழி கருவியைச் சாராது. ஒரே தட்டை இரு கருவிகளில் இட்டு ஒப்பிட்டாலன்றிக் குற்றம் எதனுடையது என்று துணிய இயலாது.

ஒலியைப் பொறுத்தவரை, முழங்கும் முரசைவிட மெல்லப் பேசும் குரலே சிறந்த உரைகல். பல தட்டுகளில் ஒலி ஆறு தடங்களாகப் பிரிக்கப்பட்டு, உரையாடல் பெரும்பாலும் நடுத்தடத்தில் அமைந்திருக்கும். இரண்டே ஒலிபெருக்கிகள் உள்ள வீட்டில் கருவியை ஆறு தடத்துக்கு அமைத்துவிட்டால், பாட்டு இடியென முழங்கும், வசனமோ கேளாது. தட்டைக் குறை கூறுமுன் அமைப்பை இரு தடத்துக்கு மாற்றிப் பார்ப்பது அறிவுடைமை. வினாடிக்கு 24 சட்டங்களாக எடுக்கப்பட்ட படத்தை 25 ஆக ஓட்டும் தட்டுகளும் உள. அவற்றில் 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும். பாடகரின் சுருதியும் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக உயரும். பழகிய செவி இதனை உடனே உணரும்.

இவையெல்லாம் பொழுதுபோக்கைப் பற்றிய நுணுக்கங்கள் மட்டுமே என்று எண்ணிவிடலாகாது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நிக்கோபார்த் தீவுகளிலும் லிட்டில் அந்தமானிலும் வீடுகளை வாரிச் சென்றபொழுது, குடும்பப் படங்களும் நாடாக்களும் உடன் சென்றன. எஞ்சிய திருமணப் பதிவுகளும் மறைந்தோர் குரல்களும் இன்று பல இல்லங்களில் பதிவுத் தட்டுகளாகவே உள்ளன. ஆலையில் அச்சிட்ட தட்டைப் போன்றதன்று பதிவுத் தட்டு. அது சாயப்படலம் ஒன்றில் எழுதப்படுவது. ஒளியும் வெப்பமும் ஈரமும் அதனை அழிக்கும்.

ஆகவே இன்று நல்ல கருவிக்கு இலக்கணம் மாறிவிட்டது. கீறல் விழுந்த பழந்தட்டையும் தயங்காமல் படிக்கும் கருவியே நல்ல கருவி. தட்டை மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்து, அத்தகைய கருவி ஒன்றில் இட்டு, குரலும் முகமும் குறைவின்றி வருகின்றனவா என்று சோதித்து, உடனே வேறு இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்தல் நம் கடமை. அப்படிகளுள் ஒன்று கடலுக்கு அப்பால் உள்ள உறவினர் இல்லத்தில் இருப்பது நலம். திரைப்படத் தட்டு கெட்டால் வேறொன்று வாங்கலாம்; பாட்டியின் தாலாட்டைப் பதிந்த தட்டு கெட்டால் எந்தக் கப்பலும் அதனைக் கொணராது.