காட்டனின் நீர்ப்பணியும் அதனை அளந்த கோல்களும்

ஓர் அறிஞரின் ஆய்வு நன்னீர் ஆட்சியில் எத்துணைப் பயன் விளைத்தது என அளந்தறிய முற்படுதல் இக்காலத்தார்க்கு மட்டும் உரிய முயற்சியன்று. காவிரிப் படுகையில் அவ்வினா 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே எழுந்துவிட்டது. ஆர்தர் காட்டன் (1803–1899) கொள்ளிடத்தின் குறுக்கே எழுப்பிய அணைகளின் பயனைக் கும்பெனி அரசு கணக்கிட்டது. அக்கணக்கின் தகுதி யாது என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. வடகிளையாகிய கொள்ளிடம் தாழ்வானது. குறுகிய வழியில் கடலை அடைவது. தென்கிளைக்குச் சரிவு குறைவு. ஆதலின் நீர் கொள்ளிடத்தையே நாடிற்று. காவிரியின் தலைப்பு மணலால் மேடிட்டது. தஞ்சை வயல்கள் நீரின்றி வாடின. 1836இல் தொடங்கிய பணியால் முக்கொம்பில் மேலணையும், அணைக்கரையில் கீழணையும் எழுந்தன.

இவற்றின் பயனை அளக்க அரசு கைக்கொண்ட கோல் நிலவரி. அணைக்கு ஆன செலவு ஒருபுறம், அதன்பின் மிகுந்த வரி மறுபுறம், இவ்வளவே முறை. வங்காளப் பொறியாளர் பேர்டு சுமித்து காவிரி, கிருட்டிணை, கோதாவரி ஆகிய மூன்று ஆறுகளின் பணிகளைப் பற்றி எழுதி 1856இல் வெளியிட்ட நூலிலும் வரவு செலவு ஒப்பீடு சிறப்பிடம் பெறுகின்றது. இம்முறையை முற்றும் இகழ்தல் முறையன்று. தஞ்சையில் கண்ட ஆதாயம் இன்றேல், கோதாவரியின் தவளேசுவரத்தில் 1847 முதல் 1852 வரை நடந்த பெரும்பணிக்கு அரசு எளிதில் பொருள் ஈந்திராது.

ஆயின் அதே கோல் பின்னர்க் காட்டனுக்கு எதிராகவே திரும்பிற்று. அவர் ஊக்குவித்த கர்நூல்–கடப்பைக் கால்வாயைத் தனியார் கும்பெனி ஒன்று 1863இல் வெட்டத் தொடங்கியது. அது இழப்பிற்குள்ளாக, 1882இல் அரசே அதனை விலைக்கு வாங்க நேர்ந்தது. இதற்கிடையில் 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. 1878இல் ஆங்கிலப் பாராளுமன்றக் குழுவின் முன் காட்டன் சான்று கூறியபோது வழக்கு இதுவே: நீர்ப்பணி வட்டி ஈட்டுவதற்கோ, உயிர் காப்பதற்கோ? 1901–03ஆம் ஆண்டின் பாசன ஆணைக்குழு, வருவாய் ஈட்டும் பணி வேறு, பஞ்சத்தினின்று காக்கும் பணி வேறு எனப் பிரித்து நோக்கியது. இதனால் அறியத்தக்கது, அளக்கப்பட்ட பணி மாறாதிருக்க, அளக்குங் கோல் மாறியது என்பதே.

வரிக்கணக்கு காணாத செய்தி பிறிதொன்று உண்டு. அது ஆற்றின் மறுமொழி. மேலணை எழுந்தபின் காவிரிக்குள் நீர் மிகப் புகுந்து அதன் படுகையை அரித்தது; கொள்ளிடமோ மேடிடலாயிற்று. 1840களில் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தவும், காவிரியின் தலைப்பில் அடிச்சுவர் அமைக்கவும் வேண்டியதாயிற்று. முன்னர்க் காவிரிக்கு நீர் போதவில்லை என்பது குறை. பின்னர் மிகுகின்றது என்பது குறை! முதற் சில ஆண்டுகளின் வரியை மட்டும் நோக்கியவர்க்கு இது புலப்பட்டிராது. நீர்ப்பணியின் பயனை ஒரு தலைமுறையேனும் பொறுத்திருந்து அளத்தல் வேண்டும் என்பது எம் துணிபு.

இனி, உரிமை பற்றிய வழக்கு. ஆழங் காணா மணலில் அடித்தளம் இடும் முறையை இந்நாட்டுப் பண்டை வினைஞரிடமிருந்தே கற்றதாகக் காட்டன் தாமே ஒப்புக்கொண்டார். கரிகாலன் பெயரொடு சார்த்தி வழங்கப்பெறும் கல்லணையே அவர்தம் பள்ளி. இது கொண்டு அவர் வெறும் படியெடுத்தார் என்பாரும் உளர். அனைத்தும் அவர் ஆக்கமே என்பாரும் உளர். இரண்டும் மிகை. நீரோடு மணலையும் ஆளவேண்டும் எனக் கண்டு, 1830ஐ ஒட்டிக் கல்லணையில் மணற்போக்கி மதகுகள் அமைத்தமை அவர் பங்கு. அடித்தளத்தின் அறிவோ, பெயர் தெரியாத கொத்தரும் கூலியாளரும் விட்டுச்சென்ற முதல். கும்பெனியின் செலவுப் பேரேட்டில் இம்முதலுக்கு ஒரு காசும் பற்று எழுதப்படவில்லை. காட்டனின் ஆதாயக் கணக்கு அத்துணைப் பெரிதாய்த் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

2018 ஆகஸ்டு மாத வெள்ளத்தில் முக்கொம்பின் கொள்ளிட அணையில் சில மதகுகள் இடிந்து வீழ்ந்தன. கல்லணை நிற்க மேலணை வீழ்ந்தது எனச் சிலர் அப்பொழுது கூறினர். கல்லணையும் காலந்தோறும் பழுது பார்க்கப்பட்டும் உயர்த்தப்பட்டும் வந்ததே ஆதலின், அவ்வொப்பீட்டினைச் சான்றாகக் கொள்ள யாம் உடன்படோம்.