ட்ரங்கு பெட்டிக்குள் இருந்தவர் யார்?



எங்க கூடங்குளம் பக்கம் கடலோரத்துல அடையாளம் தெரியாத உடல் ஒன்று ஒதுங்கினா போதும். போஸ்ட்மார்ட்டம் ரூம் கதவு திறக்கும் முன்னாடியே வாட்ஸ்அப்ல தீர்ப்பு வந்துடும். "கஞ்சா கும்பல் வேலை." "போதையில செத்திருப்பான்."

இறந்தவர் யார் என்றே தெரியாதபோது, கொன்றது யார் என்பது மட்டும் எப்படித் தெரியும்?

இதைப் புரிய வைக்க ஒரு பழைய வழக்கைச் சொல்றேன்.

1952 ஆகஸ்ட் 29. சென்னை எழும்பூரில் இருந்து தனுஷ்கோடி போகும் போட் மெயில். பெட்டியில் துர்நாற்றம். மானாமதுரையில் ஒரு ட்ரங்கு பெட்டியை இறக்கித் திறந்தால் உள்ளே ஆண் உடல். தலை இல்லை.

தலை இல்லாத உடலில் டாக்டருக்கு என்ன சிக்கல்?

முகம் இல்லை, பல் இல்லை. வயது கணிப்பதும் கஷ்டம். எலும்பு முனைகள் ஒட்டும் கணக்கு ஏறக்குறைய 25 வயது வரைதான் நன்றாக உதவும். அதற்கு மேல் என்றால் பல், மண்டை ஓடு, இடுப்பெலும்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கணும். அப்பவும் "இத்தனை முதல் இத்தனை வரை" என்றுதான் சொல்ல முடியும்.

இன்னொரு பக்கம், சென்னையில் ஆளவந்தார் என்ற பேனா வியாபாரியைக் காணவில்லை. ராயபுரம் கடற்கரையில் ஒரு தலையும் கிடைத்தது.

இரண்டும் ஒரே ஆளுடையதா? கேள்வி சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தது. தடயவியல் பேராசிரியர் டாக்டர் சி.பி. கோபாலகிருஷ்ணன் தலையையும் உடலையும் பொருத்திப் பார்த்தார். காதில் இருந்த துளைகள், பல் வரிசையில் இருந்த தனி அடையாளம் எல்லாம் கைகொடுத்தன. ஆளவந்தார் முன்பு ராணுவத்தில் இருந்தவர். அந்தப் பதிவில் இருந்த கைரேகையும் ஒத்துப்போனது.

அப்போ டிஎன்ஏ சோதனையே கிடையாது. அலெக் ஜெஃப்ரீஸ் அதைக் கண்டுபிடித்தது 1984ல்தான்!

பெயர் தெரிந்த பிறகுதான் விசாரணைக்கு வழி கிடைத்தது. கடைசியாகப் போன வீடு எது, யாரோடு பழக்கம்... இப்படியே போய் பம்பாயில் ஒரு தம்பதியைப் பிடித்தார்கள். 1953ல் தீர்ப்பு. கணவருக்கு 7 வருடம், மனைவிக்கு 3 வருடம் சிறை.

ரயிலில் ஏற்றிய பெட்டி, வெட்டிய தலை. இதை மட்டும் பார்த்தால் பெரிய கும்பல் வேலை என்றுதான் தோணும். கடைசியில் அது ஒரு வீட்டுக்குள் நடந்த தனிப்பட்ட விவகாரம்.

சரி, "போதை" என்பதை எப்படி உறுதி செய்வோம்?

பார்த்தவுடனே சொல்லவே முடியாது. இரைப்பை, கல்லீரல், சிறுநீரகம் போன்றவற்றில் இருந்து மாதிரி எடுத்து உப்புக் கரைசலில் வைப்போம். ரத்தம் தனி பாட்டிலில். எல்லாம் சீல் வைத்து தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். எங்க பகுதிக்குத் திருநெல்வேலியிலேயே ஆய்வகம் இருக்கு. ரிப்போர்ட் வரும்வரை நாங்க எழுதுவது ஒன்றுதான்: "இறுதிக் கருத்து நிறுத்தி வைக்கப்படுகிறது."

இன்னொன்று. உடலில் போதைப்பொருள் இருந்தது என்றாலே அதற்காகக் கொன்றார்கள் என்று அர்த்தம் இல்லை. முதலாவது ஆய்வகம் சொல்வது. இரண்டாவதை போலீஸ்தான் நிரூபிக்கணும்.

உங்ககிட்ட நான் கேட்பது மூன்று விஷயம்.

👉 இறந்தவர் போட்டோவை ஃபார்வர்ட் பண்ணாதீங்க. அவரோட அம்மா அதை உங்க ஸ்டேட்டஸ்ல பார்க்கக் கூடாது.

👉 வீட்டில் ஒருத்தரைக் காணோம் என்றால் "தானா வந்துடுவான்" என்று காத்திருக்காதீங்க. அன்றைக்கே புகார் கொடுங்க. தழும்பு, பச்சை, பழைய எலும்பு முறிவு, கட்டிய பல் எல்லாம் எழுதிக் கொடுங்க.

👉 பழைய எக்ஸ்ரே, பல் சிகிச்சைச் சீட்டைத் தூக்கிப் போடாதீங்க.

ஆளவந்தாரைத் தேட வீட்டில் ஆள் இருந்தது. அதனால் அவருக்குப் பெயர் கிடைத்தது. தேட ஆள் இல்லாதவருக்கு எங்க பதிவேட்டில் ஒரு எண்தான்.

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் "கஞ்சா கேஸ்" என்று ஊர் எழுத வேண்டாமே.


அரசு மருத்துவர்
கூடங்குளம்