மலையில் புகை, பாட்டிலில் தண்ணீர்

எட்டாம் வகுப்புத் தமிழ்க் கட்டுரை நோட்டு ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். முன்னுரை, அடிக்கோடிட்ட உட்தலைப்புகள், முடிவுரை. உட்தலைப்புக்கு ஒரு திருக்குறளோ பாரதியார் வரியோ மேற்கோளாக நிற்கும். மரம் வளர்க்க வேண்டும் என்றாலும் மேற்கோள்தான், நேரத்தை வீணாக்கக் கூடாது என்றாலும் மேற்கோள்தான். மேற்கோளால் நடை அழகு பெறும், பிள்ளையின் நினைவாற்றலும் வளரும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பெரியவர் ஒருவர் சொன்னார் என்பதாலேயே ஒரு கருத்து நிறுவப்பட்டுவிடாது. 11 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, சொன்னதைச் சான்றோடு எழுதக் கற்பிப்பது எப்படி? இதற்கு விடை தேடும்போது இரண்டு முறைகளை அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. ஒன்று இன்றைய அமெரிக்க வகுப்பறையில் இருக்கிறது. மற்றொன்று மணிமேகலையில் இருக்கிறது.

அமெரிக்காவில் 2010இல் வெளியான ‘காமன் கோர்’ பாடத்தரங்கள் இதை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கின்றன. ஆறாம் வகுப்பில் தன் கருத்தைத் தெளிவான காரணங்களோடும் பொருத்தமான சான்றுகளோடும் எழுத வேண்டும். ஏழாம் வகுப்பில், எதிர்க்கருத்தும் உண்டு என்பதைக் கட்டுரையிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்பில், தன் கருத்து அதிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று காட்ட வேண்டும். ஆண்டுக்கு ஒரு படி.

இன்று வகுப்பறைகளில் வழங்கும் வாத அமைப்புகள் பலவற்றுக்கும் அடிப்படை, பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் 1958இல் எழுதிய ‘வாதத்தின் பயன்கள்’ என்ற நூல். அவர் நீதிமன்ற வழக்கை மாதிரியாகக் கொண்டு வாதத்தின் உறுப்புகளைப் பிரித்தார். ஹாரி என்பவர் பெர்முடாவில் பிறந்தவர், ஆகவே அவர் பிரிட்டிஷ் குடிமகன் என்பது அவர் தரும் உதாரணம். பிறந்த இடம் தரவு, குடியுரிமை முடிவு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக எது உரிமை தருகிறது? பெர்முடாவில் பிறப்பவர் பொதுவாகப் பிரிட்டிஷ் குடிமக்கள் என்ற விதி. பெற்றோர் இருவரும் அயல்நாட்டவராக இருந்தால் இந்த முடிவு நிற்காது என்ற விலக்கையும் அவர் சேர்த்தே சொல்கிறார்.

இதை நடுநிலைப் பள்ளி அறிவியல் வகுப்புக்கு ஏற்றபடி எளிமையாக்கியவர்களில் கேத்தரின் மெக்நீலும் ஜோசப் கிராய்சிக்கும் முக்கியமானவர்கள். கூற்று, சான்று, காரண விளக்கம் என்று மூன்றே உறுப்புகள். அவர்களுடைய ஏழாம் வகுப்புப் பாடத்தில் கொழுப்பும் சோப்பும் ஒரே பொருளா என்று கேட்கப்படுகிறது. பிள்ளைகள் அடர்த்தி, உருகுநிலை, கரைதிறன் ஆகியவற்றை அளந்து பட்டியல் போடுகிறார்கள். ‘இரண்டும் வேறு’ என்று எழுதுவது கடினமில்லை, அளவுகளை எடுத்து எழுதுவதும் அப்படித்தான். பண்புகள் வேறானால் பொருளும் வேறு என்ற மூன்றாவது உறுப்பில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். அவர்களுக்கு அது தெரிந்த விஷயம், தெரிந்ததை ஏன் எழுத வேண்டும் என்று விட்டுவிடுகிறார்கள். 2006இல் வெளியான அவர்களுடைய ஆய்வொன்று, எழுதுவதற்கான குறிப்புகளைத் தொடர்ந்து தந்துகொண்டிருப்பதைவிடப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தால், பின்பு குறிப்பில்லாமல் எழுதும்போது இந்த விளக்கம் வலுவாக வருகிறது என்று காட்டியது.

மணிமேகலைக்கு வருவோம். காப்பியத்தின் 30 காதைகளில் 29ஆவது ‘தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை’. காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு அறம் உரைக்கிறார். அதற்கு முன்பாக, ஒன்றை உண்மை என்று எப்படி அறிவது என்று கற்பிக்கிறார். வஞ்சி நகரில் அவள் ஏற்கெனவே சமயவாதிகள் பலரைக் கேட்டுவிட்டு வந்தவள். உண்மையை அறியும் வழியான அளவை பத்து என்று வேதவியாதர் சொன்னார், கிருதகோடி எட்டு என்றார், சைமினி ஆறு என்றார் என்றெல்லாம் அங்கே கேட்டாள். அடிகள் அதை இரண்டாகக் குறைக்கிறார்: நேரில் காணும் காண்டல், கண்டதிலிருந்து ஊகித்து அறியும் கருதல். மற்ற அளவைகளெல்லாம் கருதலுக்குள் அடங்கும். முன்னோர் மொழிக்குக்கூடத் தனி அளவை என்ற இடம் அங்கே இல்லை. நம் ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று இப்படிச் சொல்லியிருக்க, நம் பிள்ளைகளின் நோட்டில் மேற்கோளே சான்றாக நிற்பது எனக்கு வருத்தம் தருகிறது.

கருதலை எடுத்துச் சொல்ல உறுப்புகள் ஐந்து: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். இந்த மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம். கடைசி இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்று அடிகள் சொல்லிவிடுவதால், கைக்கு மிஞ்சுவது மூன்று. கூற்று, சான்று, விளக்கம் என்ற மூன்றையும் பக்கம், ஏது, திட்டாந்தம் என்ற மூன்றையும் எதிரெதிரே எழுதினால் முதல் இரண்டும் அப்படியே பொருந்துகின்றன. மூன்றாவதில்தான் வழி பிரிகிறது. அமெரிக்கப் பிள்ளை ஒரு பொது விதியைச் சொல்ல வேண்டும். அறவண அடிகளின் மாணவி எல்லோரும் கண்ட ஓர் இடத்தைக் காட்ட வேண்டும். அத்தோடு முடியாது, எதிரிடமும் வேண்டும். நெருப்பில்லாத நீர்நிலையில் புகையும் இல்லை என்று தருக்க நூலார் காட்டுவார்கள். ஏது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா, இருக்கக் கூடாத இடத்தில் இல்லாமல் இருக்கிறதா என்ற இரண்டு சோதனையும் அதில் உண்டு.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எது எளிது? ஒரு பள்ளியை நினைத்துக்கொள்வோம். ‘தண்ணீர் குடிக்கத் தனியாக மணி அடிக்க வேண்டும்’ என்று ஒரு மாணவி எழுதுகிறாள். மாலையில் வகுப்பிலுள்ள 38 பாட்டில்களைப் பார்த்தேன், 23 பாட்டில்களில் பாதிக்கு மேல் தண்ணீர் மிச்சம் இருந்தது என்பது அவளுடைய சான்று. நல்ல சான்று, தன் கண்ணால் எண்ணியது. ‘பொது விதியைச் சொல்’ என்றால் அவள் பேனாவை வைத்துவிட்டு விழிப்பாள். ‘இதேபோல் வேறு எந்த நாளில் பார்த்தாய், இப்படி இல்லாத நாள் எது’ என்று கேட்டால் யோசிப்பாள். செவ்வாய்க்கிழமை கடைசிப் பாடவேளை விளையாட்டு, அன்று மைதானத்தில் எல்லோரும் குடித்தார்கள், பாட்டில்கள் காலி. நேரம் கிடைத்த நாளில் குடிக்கிறார்கள், கிடைக்காத நாளில் குடிப்பதில்லை. அவள் எழுதத் திணறிய பொது விதி, இரண்டு நாள்களை அருகில் வைத்தவுடன் தானாக வந்துவிட்டது. உதாரணத்தின் வழியாக விதிக்குப் போவது நம் பிள்ளைகளுக்கு இயல்பாக வரும் என்றே நான் நம்புகிறேன்.

அடிகளின் பாடத்தில் என்னை மிகவும் கவர்ந்தது போலிகளின் பட்டியல். பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று வகுத்து விரிவாகச் சொல்கிறார். ஏதுப்போலியில் ஒரு வகை, ஏதுவே ஐயத்துக்கு உரியதாக இருப்பது. மலையில் தெரிவது ஆவியோ பனியோ என்று ஐயம் இருக்கும்போதே அதைப் புகை என்று கொண்டு நெருப்பு உண்டு என முடிவு கட்டுவது. மாணவியின் பாட்டில்களுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். மதியம் குடித்து முடித்துவிட்டு மறுபடி நிரப்பி வைத்த பாட்டில்கள் அந்த 23இல் எத்தனை? அது புகையா, பனியா? இந்தக் கேள்வி வந்தால் அவள் மறுநாள் காலையிலும் மதியத்திலும் மாலையிலுமாக எண்ணுவாள். இன்னொரு வகை, ஏதுவை எதிராளி ஒப்புக்கொள்ளாமல் இருப்பது. உன் சான்று உனக்கு மட்டும் சான்றா, உன்னோடு முரண்படுபவருக்கும் சான்றா என்று கேட்கும் இந்தச் சோதனையை நம் வகுப்பறைகளில் அரிதாகவே பார்க்கிறோம்.

டூல்மின் முறை மேலாக நிற்கும் இடமும் உண்டு. புகையும் நெருப்பும் விலக்கில்லாத உறவு. நெருப்பில்லாத இடத்தில் ஒரே ஒருமுறை புகை எழுந்தாலும் ஏது வீழ்ந்துவிடும். ஆனால் பிள்ளைகள் எழுதும் சமூக விஷயங்களில் ‘எப்போதும்’ என்பது கிடையாது, ‘பெரும்பாலும்’ தான் உண்டு. 38இல் 23 என்பது பெரும்பான்மை, முழுமை இல்லை. ‘பெரும்பாலும்’, ‘இன்னது நேர்ந்தால் தவிர’ என்று அளந்து சொல்லக் கற்பிக்க டூல்மினைவிட நல்ல துணை நான் அறிந்தவரை இல்லை.

எதிராளியை எதிரில் நிறுத்துவது இரண்டு முறைகளுக்கும் பொது. அதன் பயனை நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் டியன்னா குன்னும் அமாண்டா குரோவெல்லும் நடத்திய மூன்றாண்டு ஆய்வில் காணலாம். 2011இல் அது வெளியானது. ஒரு பிரிவு மாணவர்கள் இணையிணையாக உட்கார்ந்து, எதிர்க்கருத்துக் கொண்ட இணையோடு கணினியில் எழுத்துவழி வாதாடினார்கள். மற்றொரு பிரிவு ஆசிரியர் நடத்தும் கலந்துரையாடலில் பங்கேற்று, கட்டுரைகளும் அதிகமாக எழுதியது. இறுதியில் இரு தரப்பையும் எடைபோட்டு நல்ல வாதக் கட்டுரை எழுதியவர்கள் வாதாடிப் பழகிய பிள்ளைகளே. பட்டிமன்றம் கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு வாதாடுவது புதிதில்லை. பேசிய வாதத்தை அன்றே எழுத வைப்பதுதான் நம் வகுப்பில் விட்டுப்போகிறது.

ஆகவே நடுநிலை வகுப்புகளுக்கு நான் சொல்வேன்: ஆறாம் வகுப்பில் பக்கம், ஏது, திட்டாந்தம், கூடவே எதிர் உதாரணம். ஏழில் புகையா பனியா என்ற சோதனை. எட்டில் டூல்மினின் ‘பெரும்பாலும்’, ‘தவிர’. தமிழாசிரியர்களுக்கும் வினாத்தாள் அமைப்போருக்கும் ஒரு வேண்டுகோள்: கட்டுரையில் மேற்கோளுக்கு நீங்கள் தரும் மதிப்பெண்ணில் பாதியையாவது, பிள்ளை தானே போய்ப் பார்த்து எண்ணி எழுதிய ஒரு சான்றுக்கு ஒதுக்குங்கள்.