ஸ்கூட்டி: ஓசூர் தந்த முன் இருக்கை

ஓசூர் டிவிஎஸ் நிறுவனம் 1994-இல் சந்தைக்குக் கொண்டுவந்த கியர் இல்லாத சிறு வண்டி ஸ்கூட்டி. தமிழகத்து இளம்பெண்கள் பின் இருக்கையை விட்டு ஹேண்டில்பாரைப் பிடித்த கதையில் அதற்குப் பெரிய பங்குண்டு.

1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50, இருவர் அமரக்கூடிய முதல் இந்திய மொபெட். பால் கேனும் காய்கறி மூட்டையும் ஏறிய அந்த வண்டியில் பெண்ணுக்குக் கிடைத்தது பெரும்பாலும் பின் இருக்கைதான். சட்டத்துக்கும் அந்தப் பின் இருக்கையின் நினைவு இருந்தது. பின்னால் அமர்பவரின் உடை சிக்காமலிருக்கச் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆவது விதி. சேலை கார்டு அதுதான்.

பெண்கள் வண்டி ஓட்டுவதற்கான துணிச்சல் வேறு ஊரிலிருந்து வந்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி எழுத்தறிவு இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கேலி பேசியவர்கள் உண்டு, கற்றவர்கள் நிறுத்தவில்லை.

ஸ்கூட்டி முதலில் 60 சிசி டூ ஸ்ட்ரோக். 2003-இல் ஃபோர் ஸ்ட்ரோக் பெப் வந்தது, அடுத்து 87.8 சிசி பெப் பிளஸ். விளம்பரத்தில் நடிகை ப்ரீத்தி ஜிந்தா, கடையில் 99 நிறங்கள். பெண் என்றால் நிறம்தான் பார்ப்பாள் என்ற வியாபாரக் கணக்கு அது. வாங்கியவர்கள் பார்த்தது எடையையும் செல்ஃப் ஸ்டார்ட்டையும், கால் தரையில் ஊன்றுமா என்பதையும். அவர்களின் பாணியும் விளம்பரத்தில் இல்லாதது: முகத்தை இறுகச் சுற்றிய துப்பட்டா, முழங்கை வரை கையுறை. தூசிக்கும் வெயிலுக்கும் தடுப்பு. தெரிந்தவர் கண்ணில் படாமல் போகவும் வசதி.

வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் தந்த தமிழக அரசின் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் 2018 பிப்ரவரி 24 அன்று தொடங்கியது. ஓட்டுநர் உரிமம் கட்டாயமாக இருந்தது. என் பார்வையில் மானியத்தைவிடப் பெரிய விஷயம் அந்த நிபந்தனைதான். பந்தயத்திலும் பெண்கள் ஹேண்டில்பாரைப் பிடித்தார்கள்: மறு ஆண்டு, டிவிஎஸ் பந்தய அணியின் பெங்களூரு வீராங்கனை ஐஸ்வர்யா பிஸ்ஸே, சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம் நடத்தும் பாஹா உலகக் கோப்பையின் மகளிர் பிரிவை வென்றார்.

பெண்களுக்காக வண்டி செய்த வட்டாரத்தில், செய்யும் வேலையும் பெண்கள் கைக்கு வருகிறது. ஓசூர் இருக்கும் அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளியில் உள்ள தன் மின்ஸ்கூட்டர் ஆலையைப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களே முழுக்க நடத்துவார்கள் என்று 2021 செப்டம்பரில் ஓலா நிறுவனம் அறிவித்தது.